அடைக்கலப் பொருளும் அரசின் சொல்லும்

ஒருவர் தம் பொருளை மற்றொருவர் கையில் வைக்கும் முறைகள் பல. கொடையாகத் தருவதுண்டு; கடனாகத் தருவதுண்டு; அடைக்கலமாகத் தருவதும் உண்டு. கொடையாகத் தந்த பொருள் பெற்றவர்க்கே உரியதாகிவிடுகிறது. அதை அவர் உண்ணலாம், விற்கலாம், பிறர்க்கும் வழங்கலாம். கடனாகப் பெற்றவர் தம் விருப்பம்போல் அதனைப் பயன்படுத்திப் பின்னர் ஈடு செய்தால் போதும். அடைக்கலப் பொருளின் இயல்போ வேறு. எந்த நோக்கத்திற்காக அது தரப்பட்டதோ, அந்நோக்கத்தின் எல்லைக்குள் மட்டுமே பெற்றவரின் உரிமை நிற்கிறது. எல்லையைக் கடந்தால், பொருள் அவர் கையில் இருப்பினும் அவருக்கு உரியதாகாது.

தமிழ் மரபு இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். பின்னர் மதுரையில் நேர்ந்த கொடுமைக்கு மாதரி எவ்வகையிலும் காரணமல்லள். பொய்யுரைத்தவன் பொற்கொல்லன், ஆராயாது ஆணையிட்டவன் மன்னன். ஆயினும் அடைக்கலத்தைக் காக்க இயலாமற்போன துயரம் தாங்காது அம்முதுமகள் தீயில் வீழ்ந்து மாய்ந்தாள் என்று காப்பியம் கூறுகிறது. அவள் கொண்ட முடிவை எவரும் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அம்முடிவின் பின்னே நின்ற உணர்வு எண்ணத் தக்கது. தன் கையில் ஒப்படைக்கப்பட்டதற்குத் தானே பொறுப்பு. குற்றம் பிறருடையதாயினும் பொறுப்பு தன்னுடையது என்னும் உணர்வு அது.

இப்பழைய அறம் 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் முற்றிலும் புதிய வடிவில் சோதனைக்கு உள்ளாயிற்று. அங்கே அடைக்கலமாகத் தரப்பட்டது பொன் அன்று; பிள்ளையும் அன்று. யார் யாருக்கு அருகில் எவ்வளவு நேரம் இருந்தார் என்னும் செய்தியே அங்கு அடைக்கலப் பொருளாயிற்று. தந்தவர்கள் இலட்சக்கணக்கான மக்கள். பெற்றது அரசு. இடையில் நின்றது ஒரு சிறு கைப்பேசிச் செயலி.

நோயும் தடமும்

தொற்றுநோய் பரவும்போது நோயுற்றவரைக் கண்டறிவது முதற் கடமை. அவரோடு பழகியவர்களைக் கண்டறிவது இரண்டாம் கடமை. இது புதிய முறையன்று. 2003ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் சிங்கப்பூரைத் தாக்கியபோது 238 பேர் நோயுற்றனர். 33 பேர் உயிரிழந்தனர். அன்று நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து, “எங்கே சென்றீர்கள்? எவரைக் கண்டீர்கள்?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டவர்களும், அக்குறிப்பைக் கொண்டு வீடு வீடாகத் தேடிச் சென்றவர்களும் மனிதர்களே. பொறுமையும் கனிவும் அவர்களின் கருவிகளாக இருந்தன.

ஆனால் மனித நினைவு குறையுடையது. காய்ச்சலில் கிடப்பவரிடம் பத்து நாட்களுக்கு முன் உணவங்காடி நிலையத்தில் பக்கத்து மேசையில் அமர்ந்தவர் யார் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? பேருந்தில் தோளோடு தோள் உரசி நின்றவரின் பெயரை அவர் எவ்வாறு அறிவார்? நினைவிருந்தும் சொல்லத் தயங்கும் சந்திப்புகளும் மனித வாழ்வில் உண்டு. 2020 ஜனவரி 23ஆம் நாள் சிங்கப்பூரில் முதல் கொவிட்-19 நோயாளி உறுதிசெய்யப்பட்டார். இக்கிருமி சார்ஸ் கிருமியினும் விரைவாகப் பரவியது. அறிகுறி தோன்றுமுன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவியது. மனிதரின் நினைவும் நடையும் அதன் வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

இந்நிலையில் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் பொறியாளர்கள் சுகாதார அமைச்சுடன் சேர்ந்து ஒரு செயலியை உருவாக்கினர். 2020 மார்ச் 20ஆம் நாள் ‘டிரேஸ்டுகெதர்’ என்னும் பெயரில் அது மக்கள் கைக்கு வந்தது. தேசிய அளவில் புளூடூத் அலைகளைக் கொண்டு தொடர்புகளின் தடமறிய முயன்ற முன்னோடிச் செயலிகளுள் அதுவும் ஒன்று.

கருவியின் இயல்பு

அச்செயலி இயங்கிய முறையை அறிந்தாலன்றி அதனால் எழுந்த அறக்கேள்வி விளங்காது. இரு கைப்பேசிகள் அருகருகே வரும்போது அவை புளூடூத் அலையின் வழியே ஒன்றுக்கொன்று தற்காலிகக் குறியெண்களைப் பரிமாறிக்கொண்டன. அலையின் வலிமையைக் கொண்டு இடைத்தொலைவு ஏறத்தாழக் கணிக்கப்பட்டது. அக்குறியெண்கள் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தமையால், வழிப்போக்கர் எவரும் அவற்றைக் கொண்டு ஒருவரைப் பின்தொடர முடியாது. ஒருவர் எந்த இடத்தில் இருந்தார் என்பதைச் செயலி குறிக்கவில்லை. எவர் அருகில் இருந்தார் என்பதை மட்டுமே குறித்தது. குறிப்புகள் அவரவர் கைப்பேசியிலேயே தங்கி, 25 நாட்கள் கழிந்ததும் தாமாகவே அழிந்தன. நோயுற்றவர் தம் குறிப்புகளை ஒப்படைத்த பின்னரே சுகாதார அமைச்சு அவற்றைத் திறந்து படித்தது. குறியெண்ணை ஆளோடு பொருத்தும் திறவுகோல் அமைச்சிடம் இருந்தது.

மக்களின் அச்சத்தைப் பொறியாளர்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவ்வமைப்பே சான்று. 2020 ஏப்ரலில் செயலியின் நிரலையும் அவர்கள் உலகோர் பார்வைக்குத் திறந்துவைத்தனர். எதை மறைக்கவில்லையோ அதைக் குறித்து ஐயம் எழாது என்பது அவர்தம் நம்பிக்கை. அக்குழுவை வழிநடத்திய ஜேசன் பே என்பவர், இத்தகைய கருவி மனிதரின் தடமறியும் பணிக்குத் துணையே அன்றி மாற்று ஆகாது என்று அந்நாளிலேயே எழுதினார். சுவரின் இருபுறமும் இருக்கும் இருவரை அருகிலிருந்தவர்களாக அலை காட்டக்கூடும். காற்றோட்டமுள்ள வெளியிடத்தையும் அடைபட்ட அறையையும் அது வேறுபடுத்தி அறியாது. அவ்வேறுபாட்டை அறிபவர் மனிதரே. தம் படைப்பின் எல்லையைத் தாமே எடுத்துரைக்கும் அடக்கம் போற்றத் தக்கது.

ஆயினும் ஒரு கருவிக்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்று பொறியாளர் எழுதும் நிரல். மற்றொன்று அதை மக்களிடம் அளிப்போர் கூறும் சொல். நிரலின் பிழையைச் சோதித்துத் திருத்தலாம். சொல்லின் பிழையோ வெளிப்படும் நாள்வரை தெரிவதில்லை.

சொல்லும் இசைவும்

தொடக்கத்தில் செயலியைப் பதிவிறக்கம் செய்தவர்கள் போதிய அளவினர் அல்லர். சிலவகைக் கைப்பேசிகளில் செயலி திரையில் திறந்தே இருந்தாலன்றி அது செவ்வனே இயங்கவில்லை. மின்கலமும் விரைவில் தீர்ந்தது. கைப்பேசி பழகாத முதியோர் பலர் இருந்தனர். ஆகவே 2020 ஜூன் மாத இறுதியில் முதியோர்க்கும், செப்டம்பர் முதல் அனைவர்க்கும், கழுத்தில் மாட்டவும் பையில் இடவும் ஏற்ற ஒரு சிறு கருவி வழங்கப்பட்டது. சமூக மன்றங்களில் மக்கள் வரிசையில் நின்று அதனைப் பெற்றுக்கொண்டனர்.

இவற்றினும் பெரிய தடை மக்களின் மனத்தில் இருந்தது. தம் நடமாட்டம் கண்காணிக்கப்படுமோ என்று பலர் அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்க, இச்செயலி திரட்டும் செய்திகள் தொடர்புகளின் தடமறிவதற்கு மட்டுமே பயன்படும், வேறு எதற்கும் பயன்படா என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் 2020 ஜூன் மாதத்தில் ஐயத்திற்கு இடமின்றி உறுதி கூறினார். அச்சொல்லை நம்பி மக்கள் இசைந்தனர். கட்டுப்பாடுகள் தளர வேண்டுமாயின் நூற்றுக்கு எழுபது பேரேனும் இதில் சேர வேண்டும் என்ற குறிக்கோளும் பின்னர் அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 42 இலட்சம் பேர் இத்திட்டத்தில் இணைந்திருந்தனர். நாலில் மூன்று பங்கினருக்கும் மேற்பட்டோர் ஒரு சொல்லை நம்பித் தம் வாழ்வின் ஒரு கூற்றை ஒப்படைத்தனர் எனின், அச்சொல்லின் எடையை அளந்தறிவது அரிது.

அவ்விசைவு எல்லார்க்கும் ஒரே தன்மையதாக இருக்கவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. அந்நோய் சிங்கப்பூரில் மிகுதியாகத் தாக்கியது வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளை. தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைத்தோர் அங்கே ஓர் அறையில் பலராக வாழ்ந்தனர். தங்குவிடுதி ஊழியருள் நூற்றுக்கு 47 பேரைக் கிருமி தொற்றியிருந்தது என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அவர்கள் ஜூன் மாதத்திலேயே இச்செயலியை நிறுவ வேண்டும் எனப் பணிக்கப்பட்டனர். விரும்பினால் ஏற்கலாம் என்ற நிலை மற்றவர்க்கு இருந்தது, இவர்க்கு இல்லை. மறுக்க இயலாதவர் தரும் இசைவு முழு இசைவாகாது. அவ்வாறு பெறப்பட்ட அடைக்கலத்தைக் காக்கும் கடமையோ குறைவதில்லை, மாறாக மிகுகிறது. வாய் திறந்து கேட்க இயலாதவரின் பொருளையே இருமடங்கு விழிப்போடு காக்க வேண்டும்.

எல்லை கடந்த செய்தி

2021 ஜனவரி 4ஆம் நாள் நாடாளுமன்றத்தில் ஒரு வினாவுக்கு விடையளித்த உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் குற்றப் புலனாய்வுக்காகக் காவல்துறை டிரேஸ்டுகெதர் தகவல்களைப் பெறலாம் என்று கூறினார். மறுநாள் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், முன்னர் உறுதி கூறியபோது அச்சட்டத்தைத் தாம் நினைத்துப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு கொலை வழக்கில் காவல்துறை அவ்வழியை நாடியதும் அப்போது தெரியவந்தது.

இங்கேதான் அறக்கேள்வி கூர்மையடைகிறது. சிறு களவுக்காகவோ, வீண் ஆவலுக்காகவோ அச்செய்தி கேட்கப்படவில்லை. ஓர் உயிர் பறிக்கப்பட்டிருந்தது. கொன்றவனைக் கண்டறியும் வழி கையில் இருக்க, வாக்குறுதியைக் காரணங்காட்டி அரசு வாளாவிருக்கலாமா? மகனை இழந்த ஒரு தாய் வந்து, “உண்மையை அறியும் கருவி உங்களிடம் இருந்தும் ஏன் திறக்கவில்லை?” என்று கேட்டால் சொல்லுதற்கு விடை உண்டா? இக்கேள்வியை எளிதில் ஒதுக்குபவர் அறத்தை எளிதாகக் கருதுபவர் ஆவர். குடிகளிடையே நிகழ்வனவற்றை அறிவது வேந்தனின் தொழில் என்று ஒற்றாடல் அதிகாரத்தில் உரைத்தவர் திருவள்ளுவரே.

ஆயினும் அதே வள்ளுவர் வாய்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது அங்கே அவர் காட்டும் நுட்பம். இக்கருத்தைத் துணைக்கொண்டு, அன்று கூறிய உறுதிமொழியால் நோய் தடுக்கப்பட்டது, உயிர்கள் காக்கப்பட்டன, ஆகவே அது பிழையாயினும் குற்றமில்லை என்று வாதிடுவாரும் உளர். அவர்கள் நன்மை என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, குற்றமற்ற என்ற அடையை நழுவவிடுகின்றனர். மக்களின் நம்பிக்கையைச் செலவிட்டுப் பெறும் நன்மை குற்றமற்ற நன்மையாகுமா? செலவழிந்த நம்பிக்கையை அடுத்த நோய் வரும் நாளில் எங்கிருந்து ஈட்டுவது?

ஒரு வகுப்பறையின் சான்று

இச்சிக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் தம் சூழலிலேயே கண்டு தெளியலாம். ஒரு பள்ளியில் பிள்ளைகளிடையே அம்மை நோய் பரவுகிறது என்று கொள்வோம். ஆசிரியர் மாணவர்களை அழைத்து, “கடந்த வாரத்தில் நீங்கள் யார் யாருடன் இருந்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். நோயைத் தடுப்பதற்கன்றி வேறு எதற்கும் இதனைப் பார்க்கமாட்டேன்” என்கிறார். பிள்ளைகள் நம்பி எழுதிக் கொடுக்கின்றனர்.

அத்தாளைப் படிக்கும் ஆசிரியர்க்கு, இரு மாணவர்கள் மாலை வகுப்புக்கு வராமல் திடலில் விளையாடிய செய்தி தெரியவருகிறது. அதற்காக அவர்களைத் தண்டிக்கலாமா? ஆகாது என்று எவரும் எளிதில் சொல்வர். மறுவாரம் நூலகத்துக்கெனத் திரட்டிய பணம் காணாமற்போகிறது. அன்று அவ்வறையருகே யார் இருந்தார் என்பதை அத்தாள்கள் காட்டக்கூடும். இப்போது எடுத்துப் பார்க்கலாமா? இங்கே சிலர் தயங்குவர். அடுத்து ஒரு சிறுவன் கடுமையாகத் தாக்கப்பட்டு மருத்துவமனையில் கிடக்கிறான். தாக்கியவரை அத்தாள்கள் காட்டிக்கொடுக்கும். இப்போது? பலரும் பார்க்கலாம் என்றே கூறுவர்.

எல்லாப் படிகளிலும் தாள் ஒன்றே, வாக்கும் ஒன்றே. மாறியது தேவையின் கடுமை மட்டுமே. தேவை கடுமையாகும்போது வாக்கு மெலிவடையும் என்றால், அது தேவையில்லாத நாளில் மட்டும் நிற்கும் வாக்காகிவிடும். வெயிலில் விரித்து மழையில் மடக்கும் குடையால் யாருக்கு என்ன பயன்?

விளைவையும் கருதுதல் வேண்டும். ஒருமுறை அத்தாளை வேறு நோக்கத்திற்கு எடுத்த ஆசிரியர் அடுத்த முறை கேட்கும்போது, பிள்ளைகள் பாதிப் பெயரை எழுதி மீதியை மறைப்பர். மறைக்கப்பட்ட பெயருக்குரிய பிள்ளைக்கு நோய் முற்றும். திருடனைப் பிடித்த தாளே நோயாளியைக் கைவிட்ட தாளாகிவிடும். இவ்விளைவு ஒரு காரணம். இதனினும் ஆழ்ந்த காரணம் வேறொன்று உண்டு. தாள் திறக்கப்பட்டதை எந்தப் பிள்ளையும் என்றுமே அறியாமல் போனாலும் செயல் பிழையானதே. ஏனெனில் பிள்ளைகள் ‘ஆம்’ என்றது ஒன்றுக்கு. ஆசிரியர் எடுத்துக்கொண்டது மற்றொன்றை.

அப்படியாயின் மருத்துவமனையில் கிடக்கும் சிறுவனுக்கு நீதி இல்லையா? உண்டு. தொடக்கத்திலேயே ஆசிரியர், “உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு நேர்ந்தாலன்றி வேறு எதற்கும் பார்க்கமாட்டேன்” என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் எழுதிக் கொடுத்திருப்பர். சிலர் மறுத்திருப்பர், மறுக்கும் உரிமை அவர்களுடையது. இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. கொலை வழக்குக்குத் தகவலைப் பயன்படுத்துவது தன்னளவில் தீங்கன்று. அவ்வாறு பயன்படக்கூடும் என்பதை மறைத்தோ மறந்தோ இசைவைப் பெறுவதே தீங்கு.

அறியாமற் கூறிய பொய்

மறந்து கூறிய சொல் பொய்யாகுமா என்பது அடுத்து எழும் வினா. தன் நெஞ்சறியப் பொய் கூறுவதே பெருங்குற்றம் என்பது தமிழறம். அமைச்சர் தம் நெஞ்சறியப் பொய்யுரைத்தார் என்று கொள்வதற்கில்லை. சட்டம் தம் நினைவுக்கு வரவில்லை என்று அவரே வெளிப்படையாகக் கூறினார். பின்னர் அப்பிழைக்குத் தாமே பொறுப்பு என்றும் ஏற்றுக்கொண்டார். அவ்வொப்புதல் மதிக்கத் தக்கது.

எனினும் தனிமனிதன் வாக்களிப்பதற்கும் அரசின் பெயரால் ஒருவர் வாக்களிப்பதற்கும் வேறுபாடு உண்டு. தனிமனிதன் வாக்களிக்கும்போது தன் நெஞ்சைச் சோதித்தால் போதும். காக்கப்போவதும் அவன், மீறப்போவதும் அவனே. அரசின் பெயரால் வாக்களிப்பவர் தம் நெஞ்சைச் சோதிப்பதோடு நில்லாமல் சட்டநூலையும் சோதிக்க வேண்டும். அவர் சொல்லைக் காக்க வேண்டியவர்கள் அவர் அறியாத அலுவலகங்களில் அமர்ந்திருக்கின்றனர். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2020 ஜூனிலும் நடைமுறையில் இருந்தது. ஆகவே அவ்வுறுதிமொழி பின்னாளில் மீறப்பட்ட ஒன்று என்பதைவிட, பிறந்த நாளிலேயே காலூன்ற நிலமில்லாத ஒன்று என்பதே பொருந்தும். நிலமுண்டா என்று பாராமல் வீடு கட்டித் தருபவர் வஞ்சகர் அல்லர். ஆனால் அவ்வீட்டில் குடியேறியவர்க்கு இருவகையும் ஒன்றே.

கையைக் கட்டிக்கொள்ளும் நேர்மை

வாக்கைக் காக்க மற்றொரு வழியும் உண்டு. மீறுவதற்கு இயலாதவாறு தன்னைத்தானே கட்டிக்கொள்வது அது. 2020 ஜூனில் ஜெர்மனி வெளியிட்ட கொரோனா-வார்ன்-ஆப் என்னும் செயலி அவ்வகையது. ஆப்பிள், கூகுள் நிறுவனங்கள் இணைந்து அமைத்த முறையைத் தழுவிய அதில், யார் யாரை அடுத்திருந்தார் என்னும் பட்டியல் எந்த அலுவலகத்தையும் சென்றடையவில்லை. நோயுற்றவரின் குறியெண்கள் மட்டும் வெளியிடப்பட, ஒவ்வொரு கைப்பேசியும் தன்னிடமுள்ள குறிப்போடு அவற்றைத் தானே ஒப்பிட்டுத் தன் உரிமையாளரை எச்சரித்தது. அரசு கேட்டாலும் கொடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அதே நாட்டில் உணவகங்களில் வருகையைப் பதிவதற்கு லூக்கா என்ற வேறொரு செயலியும் வழங்கியது. அதன் தகவலைக் குற்றப் புலனாய்வுக்குப் பயன்படுத்தலாகாது என்று சட்டமே தடுத்திருந்தது. ஆயினும் 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மைன்ஸ் நகரில் உணவகம் ஒன்றிலிருந்து வெளியேறிய ஒருவர் விழுந்து இறந்தபோது, காவல்துறையினர் அத்தகவலைப் பெற்று 21 பேரைச் சாட்சிகளாக நாடினர். செய்தி வெளிப்பட்டபின் அரசு வழக்கறிஞர் அலுவலகம் மன்னிப்புக் கோரியது. தடுக்கும் சட்டம் இருந்தும் பட்டியல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தமையால் கை நீண்டது. பட்டியலே இல்லாத செயலியில் அத்தகைய மீறலுக்கு இடமில்லை.

இதனால் சிங்கப்பூரின் முறை தாழ்ந்தது என்று முடிவு கட்டுதல் நேர்மையாகாது. தொடர்புப் பட்டியல் சுகாதார அதிகாரியின் கண்ணுக்குப் புலப்பட்டாலன்றி, உண்மையில் ஆபத்துக்கு உள்ளானவர் யார் என்று அவர் தேர்ந்து அறிய முடியாது. அஞ்சியிருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதலாகப் பேசவும் இயலாது. கைப்பேசி காட்டும் எச்சரிக்கை ஓர் ஒலி மட்டுமே. அதிகாரியின் அழைப்பு மனிதக் குரல். தடமறிவதற்குச் சராசரியாக நான்கு நாட்கள் ஆன நிலை மாறி, ஒன்றரை நாளுக்கும் குறைவாயிற்று என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவ்விரைவு காத்த உயிர்கள் எத்தனையோ இருக்கலாம்.

ஆகவே இருவழிகளுக்கும் விலை உண்டு. கையைக் கட்டிக்கொள்பவன் தவறு செய்வதில்லை. ஆனால் உதவ வேண்டிய வேளையிலும் அவன் கை நீள்வதில்லை. கட்டற்ற கையுடையவன் மிகுதியாக உதவலாம். ஆனால் தன்னைத்தானே ஒவ்வொரு நாளும் அடக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாம் வழியைத் தேர்பவர், தேர்ந்த அன்றே அவ்வடக்கத்தையும் ஏற்றவராகிறார். உதவியின் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு அடக்கத்தின் சுமையை இறக்கிவைத்தல் இயலாது.

மலேசியாவிலும் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. 2020ஆம் ஆண்டு முதல் கடைவாசல்தோறும் மக்கள் பயன்படுத்திய மைசெஜாத்ரா செயலி யாருக்கு உரியது என்ற விவாதம் 2022இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவரை சென்றது. தகவல் சுகாதார அமைச்சுக்கே உரியது என்று அரசு விளக்கியது. கோடிக்கணக்கான முறை கடைவாசலில் கைப்பேசியை நீட்டிய மக்கள், தாம் தந்தது யார் கையில் இருக்கிறது என்று கேட்டது ஈராண்டுகளுக்குப் பின்னரே. தருமுன் கேட்க வேண்டிய கேள்வியை நோயச்சம் பின்தள்ளிவிட்டது.

திருத்தமும் எச்சமும்

சிங்கப்பூரில் எழுந்த கலக்கம் விரைந்து ஒரு சட்டத்தைப் பிறப்பித்தது. 2021 பிப்ரவரி 2ஆம் நாள் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, கொலை, பயங்கரவாதம், ஆட்கடத்தல், கடும் பாலியல் குற்றம் முதலிய ஏழு வகைக் கொடுங்குற்றங்களுக்கு அன்றி வேறு எதற்கும் அத்தகவலைக் கேட்டல் ஆகாது. மீறும் அலுவலருக்கு 20,000 வெள்ளிவரை அபராதமோ ஈராண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நோய்க்காலம் முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டும் என்பதும் சட்டமாயிற்று.

இச்சட்டம் முதல் உறுதிமொழியினும் குறுகியது. எதற்கும் இல்லை என்ற சொல் ஏழுக்கு மட்டும் என்று சுருங்கியது. ஆயினும் இச்சுருங்கிய சொல் நிலத்தில் காலூன்றி நின்றது. காக்க இயலாத பெரிய வாக்கைவிடக் காக்க இயலும் சிறிய வாக்கே மேலானது. ஒரு குறை மட்டும் எஞ்சியது: அது மக்கள் தந்தபின் அறிவிக்கப்பட்ட வாக்கு. முன்னரே கூறியிருப்பின் அதற்குத் திருத்தம் என்ற பெயர் வேண்டியிருந்திராது.

2023 பிப்ரவரியில் திட்டம் முடிவுக்கு வந்தது. தகவல்கள் அழிக்கப்பட்டன என்று அரசு அறிவித்தது. 2020 மே மாதக் கொலை வழக்கு ஒன்றுக்குரிய தகவல் மட்டும் காலவரையின்றிக் காக்கப்படும் என்றும் அவ்வறிவிப்பு மறைக்காமல் கூறியது. மக்கள் தம் சிறு கருவிகளைச் சமூக மன்றங்களுக்கு எடுத்துச் சென்று திருப்பிக் கொடுத்தனர். வரிசையில் நின்று பெற்றதைத் திருப்பித் தந்துவிட்டு அவர்கள் வீடு சென்றனர். மக்கள் அரசிடம் ஒப்படைத்ததும் ஏறத்தாழ முழுமையாகவே அழிக்கப்பட்டது. அந்த ‘ஏறத்தாழ’ என்ற சொல்லில்தான் இக்கதையின் அறம் முழுதும் அடங்கியிருக்கிறது.

பெருந்தொற்று மீண்டும் வாராது என்று கூற எவர்க்கும் இயலாது. அது வரும் நாளில் இதனினும் கூரிய கருவிகள் இருக்கும். அவற்றை ஆக்கப்போகிறவர்கள் இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர்களே. நிரல் எழுதக் கற்கும் மாணவன், எதைத் திரட்டலாம் என்பதோடு எதைத் திரட்டாமல் விடலாம் என்பதையும் கற்க வேண்டும். வாக்களிக்கும் இடத்தில் அமரப்போகிறவன், மக்கள் கேட்க விரும்பும் சொல்லைக் கூறுமுன் தான் காக்க இயலும் சொல் எது என்று அறிய வேண்டும். தருகின்ற குடிமகனாக நிற்கப்போகிறவன், அஞ்சியிருக்கும் வேளையிலும் “எதற்காக, எதுவரை, யார் கையில்?” என்னும் மூன்று கேள்விகளை மறவாதிருக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இதற்கெனப் புதிய பாடம் ஒன்றை வகுக்க வேண்டியதில்லை. மாணவன் ஒருவன் நம்பிச் சொன்ன செய்தியை அவர்கள் எவ்வாறு காக்கிறார்களோ, அதைக் கண்டே மாணவன் அடைக்கலம் என்னும் சொல்லின் பொருளைக் கற்றுக்கொள்கிறான். மாதரி கற்றதும் எந்த நூலிலும் அன்று. அவள் கையில் ஒருவர் நம்பித் தந்த பொருளே அவளுக்கு அதைக் கற்பித்தது.